எரிமலையின் காலத்தைச் சொன்ன திருக்கைப் பல்!

'குப்பம்' என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? நொச்சிக்குப்பம், அயோத்தியாகுப்பம்... கட்டுமரம், வலை, கருவாட்டு வாசம். ஆனால், திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் அம்மையார்குப்பத்தில் இவை எதுவும் கிடையாது. அங்கே கேட்பது தறிச் சத்தம். நெசவாளர்கள் நிறைந்த ஊர். அலையைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் பயணம் போக வேண்டும். 'குப்பம்' என்றால் சிறிய குடியிருப்பு என்றும் பொருள் உண்டு. வட தமிழ்நாட்டில் கடலே இல்லாத எத்தனையோ ஊர்களுக்கு அந்தப் பெயர் இருக்கிறது.

சரி, இந்த வட்டாரத்தில் எப்போதாவது கடல் இருந்ததா?

இருந்தது. அதுவும் ஒரு முறை அல்ல. அந்தக் கடல்கள் எப்போது வந்தன, எப்போது போயின, அவற்றில் யார் யார் நீந்தினார்கள் என்பதை இன்று பாறைகள்தான் சொல்கின்றன. அப்படிச் சொன்ன சாட்சிகளில் ஒன்று, நாம் மீன் மார்க்கெட்டில் பார்க்கும் திருக்கையின் சொந்தக்காரர். இந்தியாவின் மிகப்பெரிய எரிமலை வெடிப்பு எப்போது நடந்தது என்ற வழக்கில், அந்தத் திருக்கையின் சின்னஞ்சிறு பல் சாட்சி சொல்லியிருக்கிறது. அந்தக் கதையைப் பார்ப்பதற்கு முன், திருத்தணிப் பக்கத்துக் கடல்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நகரி மலையில் ஒரு கடல்

திருத்தணியில் இருந்து வடக்கே பார்த்தால் நகரி மலைத்தொடர் தெரியும். ரயிலில் திருப்பதி போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். உச்சியில் செங்குத்தாக வெட்டி வைத்ததுபோல நிற்கும் பாறைச் சுவர்கள். அந்தப் பாறைக்குக் குவார்ட்சைட் என்று பெயர். அது ஒரு காலத்தில் வெறும் மணல். ஆழமில்லாத கடலின் ஓரத்தில் படிந்த மணல், மேலே மேலே சுமை ஏறி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகி, சுத்தியால் அடித்தாலும் உடையாத கல்லாகிவிட்டது.

இதே பாறை திருமலை வரை நீள்கிறது. திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் ஓரிடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. அங்கே கீழே கிரானைட், மேலே இந்தக் கடல் மணல் பாறை. இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருந்தாலும், இரண்டுக்கும் நடுவே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி இருக்கிறது என்கிறது ஆய்வுத்துறை. மேலே உள்ள பாறைக்கே வயது 150 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

அந்தக் கடலில் திருக்கை இருந்திருக்குமா? வாய்ப்பே இல்லை. அப்போது உலகத்தில் மீன் என்ற ஒன்றே கிடையாது. சிப்பி, நண்டு எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசிகளும்தான் கடலை ஆண்டன. நகரி மலையைத் தோண்டி மீன் பல் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது கடல்

அடுத்து கடல் வந்தது, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரு பெரிய பிரிவினையால். அதுவரை இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒரே நிலப்பரப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவை பிரியத் தொடங்கியபோது நமக்குக் கிழக்குக் கரை என்று ஒன்று முதன்முதலாக உருவானது. பிளந்த இடங்களில் நிலம் தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளங்களுக்குள் கடல் நுழைந்தது. அப்படி உண்டான பள்ளங்களைத்தான் இன்று காவிரிப் படுகை, பாலாற்றுப் படுகை, கிருஷ்ணா-கோதாவரிப் படுகை என்கிறோம். பெட்ரோல் கிணறு செய்திகளில் அடிக்கடி கேட்கும் அதே பெயர்கள்தான்.

இன்று கார் கம்பெனிகளுக்குப் பெயர்போன ஸ்ரீபெரும்புதூர், பாலாற்றுப் படுகையில் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பாறை அடுக்குகளில், கரையோரக் காட்டுச் செடிகளின் இலைத் தடயங்களும் கடல் உயிர்களின் தடயங்களும் சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. அதாவது, அது ஒரு கடலோரம். இந்தப் பாறைகளை நடந்து நடந்து வரைபடமாக்கியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். பாலாற்றுக்கு வடக்கே உள்ள சென்னை, வடஆற்காடு பகுதிகளின் நிலவியல் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1873இல் வெளியானது. திருத்தணி அப்போது வடஆற்காட்டில் இருந்தது. பிறகு சித்தூர் மாவட்டத்துக்குப் போய், 1960இல் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. மாவட்ட எல்லைகள் ஐம்பது, நூறு ஆண்டுகளில் நகர்கின்றன. கடலின் எல்லை நகர்வதற்குக் கோடி ஆண்டுகள் ஆகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்!

ஆனால், அந்தப் பழைய கடலைக் கண்ணாரப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே அரியலூர், பெரம்பலூர் பக்கம் போக வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊருக்கு அருகே, புல்கூட முளைக்காமல் மழைநீர் அறுத்துப் போட்ட களிமண் பூமி ஒன்று இருக்கிறது. வெயிலில் ஜிப்சம் கீற்றுகள் கண்ணாடித் துண்டுகள்போல மின்னும். அந்த மண் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடித்தளம். அங்கே கணவாய் மீனின் பழைய உறவினரான பெலம்னைட்டின் தோட்டா வடிவ ஓடுகளும், சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் கிடைக்கின்றன. அம்மோனைட் என்றால் தெரியவில்லையா? வைணவ வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்தில் சக்கரம்போல ஒரு சுருள் தெரியுமே... நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லும் ஒரு பழங்கடலின் அம்மோனைட்தான்.

அதே வட்டாரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. கரையிலிருந்து கடலுக்கு அடித்து வரப்பட்டு, சேற்றில் புதைந்த மரம் அது. 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னார்.

எலும்பே இல்லாத மீன்

இப்போது திருக்கைக்கு வருவோம்.

காசிமேட்டிலோ, நாகப்பட்டினத்திலோ மீன் ஏலத்தில் திருக்கையைப் பார்த்திருப்பீர்கள். முறத்தை விரித்துப் போட்டதுபோல உடம்பு, சாட்டைபோல வால். கண் மேலே, வாய் கீழே. குழம்பு வைத்தால் முள் எடுக்கும் வேலை கிடையாது. அதனால்தான் குழந்தைகளுக்குக் கொடுக்க வீட்டில் பலருக்கும் பிடிக்கும். வெந்த திருக்கையை உதிர்த்துப் புட்டு செய்வார்கள். ஏன் முள் இல்லை? திருக்கைக்கும் அதன் உறவினரான சுறாவுக்கும் உடம்பில் எலும்பே கிடையாது. நம் காது மடலில் இருப்பதுபோன்ற குருத்தெலும்புதான் முழு உடம்புக்கும் சட்டகம்.

சமையலறைக்கு வசதியான இந்தக் குணம், ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய தலைவலி. மீன் செத்ததும் குருத்தெலும்பு பெரும்பாலும் மக்கிப் போய்விடும். உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் முழு உடம்போடு திருக்கைகள் கல்லில் பதிந்து கிடைத்திருக்கின்றன. ஜெர்மனியில் சோல்ன்ஹோஃபென், லெபனானில் ஹாகெல், இத்தாலியில் போல்கா மலை, அமெரிக்காவில் வயோமிங். அங்கெல்லாம் காற்றும் அலையும் தீண்டாத அமைதியான சேறு அவற்றைப் போர்த்திக் காப்பாற்றியது. வயோமிங்கில் கிடைத்த ஹீலியோபேட்டிஸ் என்ற திருக்கை, 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நன்னீர் ஏரியில் வாழ்ந்தது. அதன் வட்ட உடம்பில் விசிறிபோல விரியும் கீற்றுகளைப் பார்த்து, சூரியனின் பெயரை வைத்துவிட்டார்கள்.

மற்ற இடங்களில் எல்லாம் மிஞ்சுவது பல்தான். சில நேரம் வாலில் இருக்கும் கொடுக்கு முள்ளும் கிடைக்கும். பல் மட்டும் ஏன் நிற்கிறது? அதன் மேல் எனாமல்போன்ற கடினமான பூச்சு இருக்கிறது. அதோடு, திருக்கைக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். நமக்குப் பால் பல் ஒருமுறை விழுவதோடு சரி. ஒரு திருக்கை தன் ஆயுளில் கடலடியில் உதிர்க்கும் பற்களுக்குக் கணக்கே இல்லை. அதனால் உடம்பு மறைந்தாலும் பற்கள் மண்ணில் சேர்ந்துகொண்டே வருகின்றன.

பறவைபோல இறக்கை அடித்து நீந்தும் சில திருக்கைகள் சிப்பியையும் நண்டையும் ஓட்டோடு நொறுக்கித் தின்பவை. அவற்றின் வாயைத் திறந்து பார்த்தால் கூர்மையான பல் ஒன்றுகூட இருக்காது. தரைக்குப் பாவிய ஓடுகள்போல, தட்டையான பற்கள் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கும். மேல் தாடையில் ஒரு தட்டு, கீழ்த் தாடையில் ஒரு தட்டு. பாட்டி வீட்டில் பயறு உடைத்த திருகைக் கல் நினைவுக்கு வருகிறதா? வேலையும் கிட்டத்தட்ட அதேதான்.

நாக்குக் கல்லும் சல்லடையும்

கல்லாகிப் போன இந்தப் பற்களை ஒரு காலத்தில் யாரும் பல் என்று நம்பவில்லை. ஐரோப்பாவில் சுறாவின் கல் பற்களை 'நாக்குக் கல்' என்றார்கள். பாம்பின் நாக்கு கல்லாகிவிட்டது என்றார்கள் சிலர். வானத்திலிருந்து விழுந்தது என்றார்கள் வேறு சிலர். 1666இல் இத்தாலியில் ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலையை அறுத்துப் பார்த்த நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற மருத்துவர், நாக்குக் கல்லும் சுறாப் பல்லும் ஒன்றுதான் என்று உறுதியாகச் சொன்னார். மலையில் சுறாப் பல் கிடைக்கிறது என்றால், அந்த இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? மண் அடுக்குகளை வைத்து பூமியின் வரலாற்றைப் படிக்கும் கலை அங்கிருந்துதான் சூடு பிடித்தது.

இன்று திருக்கைப் பல் தேடும் வேலை பார்க்க வீட்டு வேலைபோலவே இருக்கும். பல பற்கள் அரிசி மணியைவிடச் சிறியவை. கண்ணால் பார்த்துப் பொறுக்க முடியாது. சந்தேகப்படும் மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து, நன்றாகக் காயவைத்து, தண்ணீரில் ஊறப் போடுவார்கள். கரையாத களிமண்ணாக இருந்தால் முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைப்பதும் உண்டு. பிறகு மெல்லிய சல்லடைகளில் அலசி, வண்டலைக் கழுவிவிட்டு, மிஞ்சிய பொடியை உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு துகளாகப் பார்க்க வேண்டும். ஒரு மூட்டை மண்ணில் ஒரு பல் கிடைத்தாலும் அன்றைக்குத் திருவிழாதான்.

எரிமலை வழக்கில் சாட்சி

இனி அந்தப் பெரிய வழக்கு.

மும்பை, புனே பக்கம் போனவர்கள் படிக்கட்டுபோல அடுக்கடுக்காக நிற்கும் கறுப்பு மலைகளைப் பார்த்திருப்பீர்கள். அது தக்காண எரிமலைப் பாறை. பூமி பிளந்து வழிந்த குழம்பு, அடுக்கு மேல் அடுக்காக உறைந்தது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! இவ்வளவு பெரிய நெருப்பு எப்போது கொட்டியது? நெடுங்காலம் இதற்கு ஒருமித்த பதில் இல்லை.

எரிமலை இடைவிடாமல் கக்கவில்லை. ஒரு குழம்புக்கும் அடுத்த குழம்புக்கும் நடுவே நீண்ட ஓய்வு இருந்தது. அந்த ஓய்வில் மழை பெய்து குளங்கள் உண்டாயின. செடி முளைத்தது, மீன் வந்தது, நத்தை ஊர்ந்தது. பிறகு மறுபடியும் நெருப்பு வந்து எல்லாவற்றையும் மூடியது. இரண்டு ரொட்டிக்கு நடுவே தடவிய ஜாம்போல, இரண்டு எரிமலைப் பாறைகளுக்கு நடுவே அந்தக் குளத்து வண்டல் சிக்கியிருக்கிறது. அதற்குள் இருக்கும் உயிர்களின் காலம் தெரிந்தால், எரிமலையின் காலமும் தெரிந்துவிடும்.

புகழ்பெற்ற தாவரப் புதைபடிவ அறிஞர் பீர்பல் சாஹ்னி, அந்த வண்டலில் கிடைத்த செடிகளை ஆராய்ந்தார். டைனோசர்கள் அழிந்த பிறகு வந்த காலத்தைச் சேர்ந்தவை அவை என்பது அவர் கருத்து. அவருடைய தம்பி மகன் அசோக் சாஹ்னி, சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பெரியப்பா செடிகளைப் பார்த்த அதே வண்டலில், அவரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் விலங்குகளைத் தேடினார்கள். டைனோசர்களின் தடயம் கிடைத்தது. கூடவே ஒரு திருக்கையின் பற்களும் கிடைத்தன.

அந்தப் பல்லை அடையாளம் காண உலகத்திலேயே பொருத்தமான ஆள் பிரான்சின் ஹென்றி கப்பெட்டா. காரணம், ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் கிடைத்த அதே குடும்பத்துத் திருக்கைக்கு 1972இல் இக்டபேட்டிஸ் என்று பெயர் வைத்தவரே அவர்தான். இக்டபேட்டிஸ், டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியில் வாழ்ந்து மறைந்த திருக்கை. அப்படியானால், அதன் பல் கிடந்த வண்டலும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். மேலேயும் கீழேயும் இருக்கும் எரிமலைப் பாறையும் அதை ஒட்டித்தான் கொட்டியிருக்க வேண்டும்.

1986இல் வின்சென்ட் கூர்த்தியோ உள்ளிட்ட பிரெஞ்சு ஆய்வாளர்கள், தக்காண எரிமலை டைனோசர்கள் அழிந்த காலத்தையொட்டித்தான், அதுவும் குறுகிய காலத்துக்குள் கொட்டியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கப்பெட்டாவும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். பாறையில் பதிந்த காந்தத் திசை, கதிரியக்கக் கணக்கு, புதைபடிவங்கள் என மூன்று சாட்சிகளை ஒன்றாக நிறுத்தினார்கள். அதன்பின் வந்த துல்லியமான அளவீடுகள் எல்லாம் சுமார் 6.6 கோடி ஆண்டுகள் என்பதையே சுற்றி வந்தன. டைனோசர்களை அழித்தது மெக்சிகோவில் விழுந்த விண்கல்லா, நம் ஊர் எரிமலையும் அதில் பங்காளியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால், அந்த விவாதத்தில் தக்காணத்துக்கு ஒரு நாற்காலி கிடைத்ததில் திருக்கைக்கும் பங்கு உண்டு.

தெலங்கானாவின் ஆசிஃபாபாத் பகுதியில் கிடைத்த பற்களை ஆராய்ந்து, 1993இல் ஜி.வி.ஆர்.பிரசாத்தும் கப்பெட்டாவும் அந்த இந்தியத் திருக்கைக்கு இக்டபேட்டிஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவின் பெயரைத் தாங்கிய திருக்கை!

நாட்டின் நடுவில் திருக்கை எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? திருக்கைகளில் ஆற்றுக்குள் ஏறி வருபவை உண்டு. கங்கையிலும் அமேசானிலும் இன்றும் திருக்கைகள் இருக்கின்றன. அதோடு, ராஜமுந்திரி அருகே எரிமலைப் பாறைகளுக்கு நடுவே கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. எரிமலை நெருப்பும் கடலும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

பல் ஏமாற்றியதும் உண்டு

பல்லை மட்டும் வைத்துச் சொல்லும்போது சறுக்கலும் வரும். திருச்சி, அரியலூர் பகுதிப் பாறைகளில் டைகோடஸ் என்ற உயிரின் பற்கள் கிடைத்திருக்கின்றன. மேலே வரி வரியாக மேடுகள் கொண்ட, சிப்பி நொறுக்கும் பற்கள். திருக்கைப் பற்களைப்போலத் தட்டாக அடுக்கியிருப்பதால், திருக்கைகளுக்கு நெருங்கிய உயிராக இருக்கலாம் என்ற கருத்து நீண்ட காலம் இருந்தது. 2024இல் மெக்சிகோவில் கிடைத்த முழு உடல் படிவங்களைப் பற்றிய ஆய்வு வெளியானது. பார்த்தால், வேகமாக நீந்தும் உடல்வாகு கொண்ட அசல் சுறா! இன்றைய வெள்ளைச் சுறா இருக்கும் அதே பெரிய குடும்ப வரிசையில் சேர்கிறது. ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே மாதிரி பல்லைக் கொடுத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, திருத்திக்கொள்ள முடிந்தது என்பதுதான். பழைய பற்கள் எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடைத்தன என்ற குறிப்போடு அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருந்தன. புதிய தகவல் வந்ததும் எடுத்து ஒப்பிட முடிந்தது. பத்திரமாக வைக்காமல் போனால் என்ன ஆகும்? அதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

மழையில் கரைந்த பேருருவம்

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் ஒரு டைனோசரின் எலும்புகளைக் கண்டார்கள். 1987இல் அதற்கு புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். 'பிருகத் காயம்' என்றால் பேருடல். முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். உலகில் நடந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

ஆனால், அந்த எலும்புகள் பொரபொரவென்று உதிரக்கூடிய நிலையில் இருந்தன. களிமண் பூமி, வெயிலில் வெடிக்கும், மழையில் ஊதும். எலும்புகள் சிதைந்துபோயின. இன்று மிச்சம் இருப்பது வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான். உலகத்து ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு 'ஒருவேளை'யைச் சேர்த்துக்கொண்டே பேசுகிறார்கள். ஒரு ஆளைவிட நீளமான எலும்புக்கே இந்தக் கதி என்றால், அரிசி மணி அளவுப் பல் எம்மாத்திரம்?

அரியலூரின் பழங்கடல் இன்னொரு வகையிலும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அந்தக் கடலடியில் சிப்பிகளும் ஓடுகளும் குவிந்து உண்டான சுண்ணாம்புக்கல்தான் அங்குள்ள சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். நம் வீட்டுச் சுவரிலேயே அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம். வீடு வேண்டும், சிமென்ட்டும் வேண்டும். ஆலைகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பும் இருக்கிறது. அதேநேரம், வெட்டிய சுரங்கம்தான் புதிய அடுக்குகளைத் திறந்து காட்டுகிறது. அரவைக்குப் போவதற்கு முன் பார்த்து, குறித்து, எடுத்து வைக்க ஆள் இருந்தால் இரண்டு வேலையும் நடக்கும். இல்லாவிட்டால் பல்லும் சிப்பியும் சேர்ந்தே தூளாகும். புவியியல் மரபிடங்களைப் பாதுகாக்க 2022இல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கோயில் சிலைக்கு இருக்கும் மதிப்பு கல்லாகிப் போன பல்லுக்கும் வரவேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் ஆசை.

தப்பிப் பிழைத்தவை

திருக்கைகள் பூமிக்கு வந்து சுமார் 18 கோடி ஆண்டுகள் ஆகின்றன. டைனோசர்களை அழித்த அதே பேரழிவில் சுறா, திருக்கை இனங்களில் 60 சதவிகிதத்துக்கும் மேல் மறைந்தன என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அதில் சுறாக்களைவிடத் திருக்கைகளுக்குத்தான் அடி அதிகம். இக்டபேட்டிஸ் அத்தோடு போனது. தப்பியவற்றின் வாரிசுகள்தான் இன்று அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்களாக இருக்கின்றன.

அவற்றுக்கு இப்போது இன்னொரு சோதனை. 1970க்குப் பிறகு அரை நூற்றாண்டில், திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவிகிதம் குறைந்திருக்கிறது என்று 2021இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மெதுவாக வளர்ந்து, சில குட்டிகளே போடும் மீன்கள் இவை. பிடிக்கும் வேகத்துக்குப் பெருகும் வேகம் ஈடு கொடுக்கவில்லை. முகத்தில் ரம்பம் நீட்டிய வேளா மீனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலரும் சுறா என்று நினைக்கும் அதுவும் திருக்கை வகைதான். நம் பாட்டன்மார் வலையில் சாதாரணமாக விழுந்த மீன், இன்று அரிதிலும் அரிது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து வைத்திருக்கிறோம். அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். எரிமலைக்கும் விண்கல்லுக்கும் தப்பியவர்களின் வாரிசு வலைக்குத் தப்புமா என்பது நம் கையில் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நேரில் காட்ட ஆசையா? அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. சாத்தனூர் கல்மரத்தையும் சேர்த்து ஒரே நாளில் பார்த்துவிடலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் புதைபடிவங்கள் இருக்கின்றன. திருமலைக்குப் போகும்போது, மலைப்பாதைப் பாறைகளையும் சிலாதோரணத்தையும் கொஞ்சம் நின்று பாருங்கள். அம்மையார்குப்பத்துப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து ஊர்க் கடல்!

கிணறு வெட்டும்போதோ, கல் உடைக்கும்போதோ, பல், சிப்பி, எலும்பு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், உடனே பெயர்த்து எடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அளவு தெரிய அது உதவும். செல்போனிலேயே இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆழத்தில், எந்த நிற மண்ணில் இருந்தது என்று எழுதி வையுங்கள். பக்கத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கோ, புவியியல் துறை உள்ள கல்லூரிக்கோ, சென்னை கிண்டியில் இருக்கும் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். அலமாரியில் அழகுக்கு வைத்த பல், எந்த ஊர் என்று தெரியாவிட்டால் வெறும் கல்தான். ஊரும் அடுக்கும் குறிக்கப்பட்டிருந்ததால்தான் இக்டபேட்டிஸின் பல் ஒரு எரிமலையின் காலத்தையே சொல்ல முடிந்தது.